வொல்தெர்ரா: குப்பைக்கு அடியில் கிடந்த நாடக அரங்கு

இத்தாலியில் தொஸ்கானா பக்கம் போகிறவர்கள் பெரும்பாலும் ஃபுளோரன்ஸ், பீசா, சியனா என்று ஒரு சுற்று போடுவார்கள். நேரம் மிச்சமிருந்தால் உயரமான கோபுரங்களுக்குப் பேர்போன சான் ஜிமிஞானோவில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்புவார்கள். அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் போல மேற்கே, கடல்மட்டத்துக்கு 530 மீட்டர் மேலே, காற்று ஓயாத ஒரு மலையுச்சியில் வொல்தெர்ரா இருக்கிறது. அதை விட்டுவிடுவதற்குக் காரணம் எளிது, போவது சிரமம். மலையடிவாரத்தில் சலீனே என்று ஒரு சிற்றூர், பெயரே உப்பளத்தால் வந்தது, ரயில் அதோடு நின்றுவிடும். 1912இலிருந்து 1958 வரை அங்கிருந்து ஒரு பல்சக்கர ரயில் மேலே ஏறிக்கொண்டிருந்தது, அதையும் நிறுத்திவிட்டார்கள். இப்போது பஸ்தான், அதுவும் வளைந்து வளைந்து, ஒவ்வொரு வளைவிலும் ஊர் ஒரு தடவை தெரிந்து மறுபடி காணாமல் போகும். பஸ்ஸில் வாந்தி வருகிறவர்கள் முன் சீட்டைப் பிடித்துக்கொள்ளவும்.

என்னைக் கேட்டால் இத்தாலியில் ஒரே ஒரு மலை ஊரைத்தான் பார்க்க முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன். அழகுக்காக இல்லை. அழகில் இதைத் தூக்கிச் சாப்பிடும் ஊர்கள் உம்ப்ரியாவில் வரிசையாக இருக்கின்றன. வொல்தெர்ராவில் எனக்குப் பிடித்தது வேறு. அங்கே பார்க்கிற ஒவ்வொரு பழைய சங்கதியும் இத்தனை காலம் எப்படித் தப்பியது என்று விசாரித்துக்கொண்டே போனால், ஏதோ ஒரு ராஜா காப்பாற்றினார், போப் காப்பாற்றினார் என்ற பதில் அபூர்வமாகத்தான் வரும். ஊர் ஏழையானதால் தப்பியது, குப்பை மூடியதால் தப்பியது, தெருக்கல்லைப் பெயர்த்ததால் தப்பியது, பைத்தியக்காரர்கள் என்று பூட்டி வைக்கப்பட்டவர்கள் மண்வெட்டி பிடித்ததால் வெளியே வந்தது என்று இப்படித்தான் வரும்.

முதலில் வாசல். போர்த்தா அல்லார்க்கோ என்று பெயர், தெற்குப் பக்கத்து மதில் வாசல். ரோமானியர்களுக்கு முன்னால் இந்தப் பகுதியை ஆண்ட எட்ருஸ்கர்கள் கட்டியது. அடிக்கட்டு கி.மு. 4ஆம் நூற்றாண்டு வாக்கில் வைத்தது, மேல் வளைவு சில தலைமுறை கழித்து மறுபடி கட்டியது. பக்கவாட்டில் ஆள் உயரத்துக்குப் பெரிய பெரிய கற்கள், நடுவில் சாந்து கிடையாது. வளைவின் உச்சியில் ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று என்று கருஞ்சாம்பல் நிறத்தில் மூன்று தலைகள் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். தலை என்று யாராவது சொன்னால்தான் தெரியும். மூக்கு, வாய், கண் எல்லாவற்றையும் இரண்டாயிரம் வருஷத்து மழையும் காற்றும் தின்றுவிட்டு வெறும் உருண்டையை விட்டு வைத்திருக்கின்றன. ஊரைக் காக்கும் தெய்வங்கள் என்கிறார்கள் சிலர், ஜூபிடரும் இரட்டையர்களான காஸ்டர், பொலக்ஸும்தான் என்கிறார்கள் சிலர், வெட்டிய எதிரிகளின் தலை என்கிறவர்களும் உண்டு.

இந்த வாசல் அந்தக் காலத்தில் எப்படி இருந்தது என்று பார்க்க ஊர் மியூசியத்துக்குப் போகவேண்டும். அங்கே ஓர் அஸ்திப் பெட்டியின் முன்பக்கத்தில் கிரேக்கக் கதை ஒன்றைச் செதுக்கியிருக்கிறார்கள். தீப்ஸ் நகரத்து மதிலில் ஏணி வைத்து ஏறி, தெய்வமே வந்தாலும் என்னைத் தடுக்க முடியாது என்று கொக்கரித்த கபனேயுஸ், ஜீயஸின் இடி விழுந்து தலைகீழாகச் சரிகிறான். சரிகிற இடத்துக்குப் பின்னால் ஒரு வளைவு வாசல், அதில் மூன்று தலைகள்! செதுக்கிய ஆள் தீப்ஸைக் கண்ணால் கண்டிருக்கமாட்டான். கோட்டை வாசல் என்றதும் தினமும் தான் போய்வருகிற வாசலையே செதுக்கி வைத்துவிட்டான். கிரேக்கத்துப் புராணம் நம்மூர் வாசலில் நடந்தால் என்ன என்கிற அந்த அலட்சியம் எனக்கு ரொம்பப் பிடித்தது.

சரி, அந்த வாசல் 1944இல் போயிருக்கவேண்டியது. ஜெர்மன் படை வடக்கே பின்வாங்கிக்கொண்டிருந்த நேரம். நேச நாட்டுப் படைகளின் வண்டிகள் அந்த வழியாக ஏறி வந்துவிடக்கூடாது என்று வாசலை வெடிவைத்துத் தகர்க்க முடிவு செய்தார்கள். ஊர்க்காரர்கள் போய்ப் பேசி, வழியை அடைப்பதுதானே நோக்கம், அதை நாங்களே அடைத்துத் தருகிறோம் என்றார்கள். ஜூன் 30ஆம் தேதி, ஆண், பெண், கிழவர், பையன் என்று எல்லோரும் சேர்ந்து வாசலுக்கு ஏறும் தெருவின் பாவுகற்களைப் பெயர்த்து, கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவந்து, வளைவு முழுவதையும் அடைத்தார்கள். கொடுத்த கெடு ஒரு நாள், அதற்குள் முடித்துவிட்டார்கள். சண்டை நகர்ந்த பிறகு கற்களை எடுத்து மறுபடி தெருவில் பதித்தார்கள். இன்றைக்கு அந்தத் தெருவில் இறங்கும்போது உங்கள் செருப்புக்கு அடியில் இருப்பது அப்படிக் கல் பெயர்த்த அதே தெருதான். வாசல் பக்கத்தில் ஒரு பலகை இதைச் சொல்கிறது, நான் நின்று படித்துக்கொண்டிருந்தபோது ஒரு ஸ்கூட்டர் ஹாரன் அடித்துக்கொண்டு வாசலுக்குள் நுழைந்து போனது. இன்னமும் அது வாசல்தான், கண்காட்சிப் பொருள் இல்லை.

எட்ருஸ்கர் காலத்தில் ஊரின் பெயர் வெலாத்ரி. பன்னிரண்டு நகரங்கள் சேர்ந்த கூட்டணி என்று எட்ருஸ்கர்களைப் பற்றிப் பேசும்போது சொல்வார்கள், அதில் இதுவும் ஒன்று. தெற்கே இருந்த மலைகளில் செம்பும் வெள்ளியும், அடிவாரத்தில் உப்பு, பக்கத்திலேயே அலபாஸ்டர் என்கிற வெள்ளைக் கல். பணத்துக்குக் குறைவில்லை. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் ஊரைச் சுற்றி ஏழு கிலோமீட்டருக்கும் மேல் நீளமாக ஒரு மதில் எழுப்பினார்கள். இன்றைய ஊரைச் சுற்றியிருப்பது 13ஆம் நூற்றாண்டு மதில், அது மூன்று கிலோமீட்டர்கூட வராது. அதாவது இடைக்காலத்து வொல்தெர்ரா, பழைய வெலாத்ரிக்குள் ஒரு மூலையில் சுருண்டு படுத்துக்கொண்டது. மீதி இடமெல்லாம் ஒலிவத் தோப்பும் காய்கறித் தோட்டமும் ஆயின. பழைய மதில் துண்டுகள் யாருடைய கொல்லைப்புறத்திலோ, ரோட்டோரப் புதரிலோ திடீரென்று எட்டிப்பார்க்கும். ஊர் வளராமல் சுருங்கிப்போனதால்தான் மண்ணுக்கடியில் இருந்தது இத்தனை மிஞ்சியது. ஃபுளோரன்ஸ் மாதிரி செழித்திருந்தால் எல்லாவற்றின்மேலும் அரண்மனை கட்டியிருப்பார்கள்.

கி.மு. 205இல் ரோமானியத் தளபதி ஸ்கிபியோ ஆப்பிரிக்காவுக்குப் படையெடுக்கத் தயாரானபோது எந்த எட்ருஸ்க நகரம் என்ன கொடுத்தது என்று ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி ஒரு பட்டியல் தருகிறார். பொப்புலோனியா இரும்பு, தார்க்குவீனியா பாய்மரத் துணி, வொல்தெர்ரா கப்பலின் உள்வேலைக்கான மரச் சாமானும் தானியமும், அரெஸ்ஸோ ஆயிரக்கணக்கில் கேடயமும் தலைக்கவசமும். (அரெஸ்ஸோ நமக்கு முழு அந்நியம் இல்லை. 1945இல் தொல்லியலாளர் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டியபோது கிடைத்த பளபளப்பான சிவப்புப் பானையோடுகள் அந்த ஊர்ப் பாணிச் சரக்கு. அவற்றை வைத்துத்தான் அரிக்கமேட்டின் காலத்தையே கணித்தார்.) இதெல்லாம் ரோமுக்குக் கட்டிய கப்பம் என்றுதான் நான் படிக்கிறேன், லிவி அதை விருப்ப நன்கொடை மாதிரி எழுதியிருந்தாலும்.

அப்புறம் சுல்லா என்கிற ரோமானியத் தளபதி. கி.மு. 80களில் ரோமில் மாரியஸ் கட்சிக்கும் சுல்லாவுக்கும் நடந்த உள்நாட்டுச் சண்டையில், தோற்ற பக்கத்து ஆட்கள் கடைசியாக ஓடி ஒளிந்தது வொல்தெர்ராவில். ஊரை வளைத்துக்கொண்டு இரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தது சுல்லாவின் படை. கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ இந்த முற்றுகையைப் பற்றி எழுதும்போது, அடிவாரத்திலிருந்து பதினைந்து ஸ்டேடியம் தூரம் செங்குத்தான ஏற்றம் என்று அலுத்துக்கொள்கிறார். கிட்டத்தட்ட இரண்டே முக்கால் கிலோமீட்டர். பஸ்ஸில் ஏறிய எனக்கே அது புரிந்தது. ஊர் விழுந்த பிறகு சுல்லா ஊராரின் குடியுரிமையில் கை வைத்தான், நிலத்தையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். கி.மு. 69 வாக்கில், வொல்தெர்ராவைச் சேர்ந்த கைக்கினா என்பவருக்கு வந்துசேரவேண்டிய பண்ணை நிலத்தை, இவன் குடிமகனே இல்லை, சொத்து எப்படி வரும் என்று எதிராளி மறித்தபோது, அவருக்காக வாதாடியது ரோமின் பேர்போன பேச்சாளர் சிசரோ. அந்த வாதம் முழுசாக இன்றைக்கும் படிக்கக் கிடைக்கிறது. சட்டப்பூர்வமாகப் பார்த்தால் கொஞ்சம் வறட்சிதான், ஆனால் தோற்ற ஊர்க்காரனுக்கு என்ன உரிமை மிச்சமிருக்கிறது என்ற கேள்வி அதற்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இந்தக் கைக்கினா குடும்பத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்கள். மலைக்குக் கீழே ஓடுகிற செச்சினா ஆற்றுக்கும் இவர்களுக்கும் ஒரே பெயர். குடும்பத்தில் ஒருவர் சிசரோவின் நண்பர், மின்னலை வைத்துச் சகுனம் பார்க்கும் எட்ருஸ்க சாஸ்திரத்தில் கைதேர்ந்தவர், சீசருக்கு எதிராக எழுதி வம்பில் மாட்டிக்கொண்டு நாடுகடத்தப்பட்டார்.

இப்போது மியூசியம். குவார்னாச்சி மியூசியம் என்று பெயர். மாரியோ குவார்னாச்சி என்ற பாதிரியார், தான் சேர்த்து வைத்திருந்த பழம்பொருள், புத்தகம் எல்லாவற்றையும் 1761இல் வொல்தெர்ரா மக்களுக்கென்று எழுதிக்கொடுத்தார். ஐரோப்பாவிலேயே பொதுமக்களுக்காக வந்த மிகப் பழைய மியூசியங்களில் ஒன்று. போப்போ ராஜாவோ காப்பாற்றவில்லை என்று மேலே சொன்னேன், பாதிரியாரைக் கணக்கில் சேர்க்கவில்லை, அவருக்கு என் நன்றி. உள்ளே 600க்கும் மேல் அஸ்திப் பெட்டிகள், சுவரோரம் அடுக்கடுக்காக வரிசை கட்டி நிற்கும். எட்ருஸ்கர்களில் வடக்குப் பக்கத்தார் பெரும்பாலும் இறந்தவரை எரித்தார்கள். சாம்பலை ஒரு கைப்பெட்டி அளவுள்ள கல்பெட்டியில் போட்டு, அதன் மூடிமேல் இறந்தவரையே விருந்தில் சாய்ந்து படுத்திருக்கிற மாதிரி செதுக்கி, குடும்பக் கல்லறைக்குள் வைத்தார்கள்.

அந்த மூடி உருவங்களைக் குனிந்து பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். தலை நல்ல பெரிதாக, முகம் கவனமாக, தலைமுடிச் சுருள் ஒவ்வொன்றாகச் செதுக்கியிருக்கும். அதற்குக் கீழே உடம்பு பொம்மை உடம்பு. இடமில்லாமல் மடித்து வைத்த மாதிரி கால் குட்டையாக ஒடுங்கிப்போயிருக்கும். பட்டறையில் உடம்பை முன்கூட்டியே செய்து வைத்துவிட்டு, ஆர்டர் வந்ததும் முகத்துக்கு மட்டும் நேரம் செலவழித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. ஆண்கள் கையில் ஒரு தட்டையான கிண்ணம், பெண்கள் கையில் விசிறி, கண்ணாடி, மாதுளம்பழம். பெட்டியின் முன்பக்கம் யுலிஸீஸும் கடல்மோகினிகளும், வேட்டைநாய்கள் கடித்துக் குதறும் ஆக்டியோன், இல்லாவிட்டால் மூடு வண்டியில் ஏறி மேலுலகத்துக்குக் கிளம்பும் ஆள், வழியனுப்பும் குடும்பம். சிலவற்றில் சிவப்புச் சாயம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விளிம்பில் வலமிருந்து இடமாக எழுத்து, பேரும் வயதும்.

இவற்றில் பல அலபாஸ்டர். பார்க்க வெண்பளிங்கு மாதிரி இருந்தாலும் இது ஜிப்சம் வகை, நம் மாக்கல்லைப் போல நகம் பட்டாலே கீறல் விழும், தண்ணீரில் மெதுவாகக் கரையவும் செய்யும். வெளியில் வைத்தால் மழை தின்றுவிடும். நிலத்தடிக் கல்லறைக்குள் அடைபட்டுக் கிடந்ததால்தான் மூக்கும் முழியுமாகத் தப்பின. வாசலில் இருக்கும் மூன்று தலைகளையும் இவற்றையும் ஒரே நாளில் பார்த்தால் வித்தியாசம் சுரீரென்று உறைக்கும். ஊருக்குள் இன்றும் அலபாஸ்டர் பட்டறைகள் இருக்கின்றன, கதவைத் திறந்தால் ஆள், கடைசல் இயந்திரம், தரை, மேசை எல்லாமே வெள்ளைப் பொடி. விற்பனைக்கு வைத்திருப்பதில் பாதி குதிரையும் ஆந்தையும், வாங்கவேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

மியூசியத்தின் நட்சத்திரம் ‘மாலை நிழல்’ என்று பேர் வைத்த ஒரு வெண்கலப் பையன். 57 சென்டிமீட்டர் உயரம், குச்சி மாதிரி நீண்டு ஒல்லியாக, சாயங்கால வெயிலில் விழுகிற நிழல் போல. ஒரு விவசாயி நிலத்தில் கண்டெடுத்து அடுப்பு கிளற வைத்திருந்தார் என்று கடைக்காரர்கள் எல்லோரும் கதை சொல்வார்கள். 18ஆம் நூற்றாண்டிலேயே அறிஞர்கள் அதைப் படம்போட்டுப் புத்தகத்தில் ஏற்றிவிட்டார்கள், அடுப்புக் கதை பிற்பாடு முளைத்தது. எனக்கு அந்தப் பையனைவிடப் பிடித்தது மாடியில் தனியாக இருக்கும் சுட்டமண் மூடி ஒன்று, கி.மு. 1ஆம் நூற்றாண்டு. வயதான புருஷன் பெண்டாட்டி. அவர் அண்ணாந்து எங்கேயோ பார்க்கிறார், அந்தம்மா அவர் முகத்துக்கு வெகு கிட்டத்தில் தன் முகத்தைக் கொண்டுபோய் அவரையே பார்க்கிறார். கன்னம் ஒட்டி, நெற்றியில் மடிப்பு மடிப்பாகச் சுருக்கம். எந்த ஒப்பனையும் இல்லை. ரொம்ப நாள் சேர்ந்து வாழ்ந்தவர்கள் இப்படித்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள், ஏதோ சொல்லவேண்டியது மிச்சமிருப்பது போல.

ஊரின் வடக்கு மதில் ஓரமாக நடந்தால் கீழே ரோமானிய நாடக அரங்கு முழுசாகத் தெரியும். டிக்கெட்டே தேவையில்லை, மேலிருந்து பார்ப்பதுதான் நன்றாகவும் இருக்கும். கி.மு. 1ஆம் நூற்றாண்டின் கடைசியில், பேரரசர் அகஸ்டஸ் காலத்தில், மலைச்சரிவிலேயே படிக்கட்டு வெட்டிக் கட்டியது. பணம் போட்டது கைக்கினா குடும்பம், கல்வெட்டில் பெயர் இருக்கிறது. சுல்லாவிடம் நிலம் பறிபோகும் நிலையில் இருந்தவர்கள், மூன்று தலைமுறைக்குள் ரோமில் கான்சல் என்கிற உச்சப் பதவிவரை போய், ஊருக்கு அரங்கு கட்டிக்கொடுக்கும் அளவுக்கு வந்துவிட்டார்கள். மேடைக்குப் பின்னால் இரண்டு அடுக்குத் தூண்கள், கொஞ்சம் திரும்ப நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். பிற்காலத்தில் அரங்கு கைவிடப்பட்டு, மேடைக்குப் பின்புறம் ஒரு குளியல் கூடம் கட்டினார்கள். அதற்குப் பிறகு எல்லாமே மறந்துபோனது. இடைக்கால மதில் எழும்பியதும் இந்தப் பள்ளம் மதிலுக்கு வெளியே போய்விட்டது. மதிலுக்கு வெளியே பள்ளம் இருந்தால் ஊர் என்ன செய்யும்? மேலே நின்று குப்பையைக் கொட்டியது. நூற்றாண்டுக்கணக்கில்.

அந்தக் குப்பைதான் காப்பாற்றியது. கல்லுக்கு ஆள் தேடிவந்தபோதெல்லாம் மேலே மீட்டர் கணக்கில் உடைந்த சட்டியும் எலும்பும் சாம்பலும். 1950களின் தொடக்கத்தில் என்ரிக்கோ ஃபியூமி என்ற உள்ளூர் வரலாற்றாசிரியர், பொருளாதார வரலாறு எழுதியவர், மியூசியத்தையும் கவனித்துக்கொண்டவர், இங்கே தோண்டியே தீருவது என்று பிடிவாதமாக நின்றார். போருக்குப் பிந்தைய இத்தாலி, காசு கிடையாது. கூலிக்கு ஆள் வைக்க வழியில்லாமல், ஊரிலேயே இருந்த மனநல மருத்துவமனையின் நோயாளிகளை வைத்து வேலையை ஆரம்பித்தார்.

அந்த மருத்துவமனை சாதாரணமானது இல்லை. உச்சத்தில் 4,000 பேருக்கும் மேல் அங்கே அடைபட்டிருந்தார்கள், ஊரின் இன்றைய மக்கள்தொகையே 10,000க்குள்தான். அவர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் பல தபாலில் போகவே இல்லை, மருத்துவக் கோப்புகளுக்குள் செருகி வைக்கப்பட்டுப் பிற்பாடுதான் வெளியே வந்தன. 1978இல் இப்படிப்பட்ட மருத்துவமனைகளை மூடச் சொல்லி இத்தாலியில் சட்டம் வந்தது, அதோடு இதுவும் முடிந்தது. அங்கே இருந்த நன்னெத்தி என்ற ஒருவர் முற்றத்துச் சுவரில், தன் சீருடையின் பக்கிளைக் கொண்டு, விண்வெளி, உலோகங்கள், ஒயரில்லாத் தந்தி என்று வருஷக்கணக்கில் கீறிக்கொண்டே போனார், சுமார் 180 மீட்டர் நீளத்துக்கு. அதன் காரை உதிர்ந்துகொண்டே இருக்கிறது. எட்ருஸ்கன் எழுத்துக்குக் கண்ணாடிப் பெட்டி கிடைத்திருக்கிறது, இதற்கு அவ்வளவு கொடுப்பினை இல்லை. ரோமானிய அரங்கைப் பார்க்கும் ஆயிரம் பேரில் எத்தனை பேருக்கு அதைத் தோண்டிய கைகள் யாருடையவை என்று தெரியும்? கல்வெட்டில் கைக்கினா பெயர் இருக்கிறது, மியூசியத்தில் குவார்னாச்சி பெயர், கோட்டைக்குப் பக்கத்துப் பூங்காவுக்கு ஃபியூமி பெயர். மண்ணை அள்ளியவர்களின் பெயர்ப் பட்டியல் எதையும் நான் பார்க்கவில்லை.

கோட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. 1472இல் படிகாரச் சுரங்கம் யாருக்கு என்ற தகராறில் (துணிக்குச் சாயம் ஏற்றப் படிகாரம் வேண்டும், ஃபுளோரன்ஸின் பிழைப்பே துணி) ஃபுளோரன்ஸைக் கையில் வைத்திருந்த லொரென்ஸோ தெ மெதிச்சி கூலிப்படையை அனுப்பினார். ஊர் சரணடைந்த பிறகும் படை உள்ளே புகுந்து சூறையாடியது. அப்புறம் இனி வாலாட்டக் கூடாது என்று ஊரின் தலைக்குமேல் ஒரு பிரம்மாண்டமான கோட்டை. இன்று அது சிறைச்சாலை. கைதிகள் 1988இலிருந்து அங்கே நாடகக் குழு நடத்துகிறார்கள், நல்ல பேர் வாங்கிய குழு.

எல்லாமே தப்பிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். ஊரின் மேற்குக் கோடியில் பால்ட்ஸே என்கிற செங்குத்துப் பள்ளத்தாக்கு இருக்கிறது. மேலே மஞ்சள் மணல், கீழே நீலச்சாம்பல் களிமண். மழைநீர் மணலுக்குள் சுலபமாக இறங்கிக் களிமண்ணில் தேங்கும். களிமண் இளகி வழுக்கும், மேலே இருப்பது மொத்தமாகச் சரியும். எட்ருஸ்கரின் மிகப் பழைய கல்லறைகள் இருந்த இடத்தையும், அவர்கள் மதிலில் ஒரு துண்டையும், ஒரு பழைய தேவாலயத்தையும் இது விழுங்கியிருக்கிறது. விளிம்புக்குக் கிட்டே நிற்கும் மடத்தைத் துறவிகள் 19ஆம் நூற்றாண்டில் காலி செய்துவிட்டுப் போனார்கள், கூரை போன அதன் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. 2014 ஜனவரி கடைசியில், தொடர் மழைக்குப் பிறகு, ஊரின் வேறொரு பக்கத்தில் இடைக்கால மதிலே முப்பது மீட்டர் அளவுக்குப் பொலபொலவென்று விழுந்தது. மலைமேல் ஊர் கட்டினால் எதிரி ஏறி வரமாட்டான், சரி, மலை இறங்கிப் போனால் என்ன செய்வது?

அடுத்த வருஷம், 2015 கோடையில், போர்த்தா தியானா என்கிற வடக்கு வாசல் பக்கம் ஓர் ஓடையைச் சீர்படுத்தத் தோண்டினார்கள். வளைந்து போகிற ஒரு சுவர் தட்டுப்பட்டது. நூல் பிடித்துப் போனால் நீள்வட்டம். கிளாடியேட்டர் சண்டை நடந்த ஆம்ஃபிதியேட்டர், சுமார் 82 மீட்டருக்கு 64 மீட்டர், மூன்று அடுக்கு, எட்டாயிரம் பத்தாயிரம் பேர் உட்காரலாம் என்று கணக்குப் போட்டார்கள். மேலே வெறும் வயல். ஏற்றத்தைக்கூட அளந்து சொன்ன ஸ்ட்ராபோ காலத்துக்கு இது பிந்தியதாக இருக்கலாம், அவரை விட்டுவிடலாம். ஆனால் அவருக்குப் பின்னால் வந்தவர்களிலும் ஒருவர்கூட ஒரு வரி எழுதி வைக்கவில்லை, கி.பி. 34இல் இதே ஊரில் பிறந்த அங்கதக் கவி பெர்சியஸ் உட்பட. ஓடைக்கு வேலை வராமல் இருந்திருந்தால் இன்றைக்கும் அதன்மேல் யாராவது உழுதுகொண்டுதான் இருப்பார்கள். அகழ்வு கட்டம் கட்டமாக நடக்கிறது, இந்த முறை தோண்டுகிறவர்களுக்குச் சம்பளம் உண்டு.